முதலில் சிரித்தது நான்தான்

கொட்டகையில் அன்று முதலில் சிரித்தது நான்தான்.

திரையில் ஒரு குடிசை. உள்ளே ஒரு தாய், மூன்று பிள்ளைகள், கவிழ்த்து வைத்த சோற்றுப்பானை. வாசலில் யாரோ வரும் சத்தம். பக்கத்து ஊர்ச் சொந்தக்காரி. தாய் சட்டென்று எழுந்து, கூரைக்கடியில் செருகியிருந்த காய்ந்த வெற்றிலை ஒன்றை எடுத்து, சுண்ணாம்பும் பாக்கும் சேர்த்து வாயில் அடக்கி, அவசரமாக மெல்லுகிறாள். உதடு சிவக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனாலும் சிவந்தது எனக்குத் தெரிந்தது.

பிறகு விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை ஒடித்து, பல்லைக் குத்திக்கொண்டே வெளியே வருகிறாள், இப்போதுதான் சாப்பிட்டு எழுந்தவளைப்போல. மூத்த மகள் அதைப் பார்க்கிறாள். அவளும் ஓர் ஈர்க்கு ஒடிக்கிறாள். அடுத்தவன் ஒடிக்கிறான். கடைக்குட்டிக்கு முன்பல் விழுந்து இன்னும் முளைக்கவில்லை, அவனும் குத்துகிறான்.

நாலு பேரும் வரிசையாக நின்று, சாப்பிடாத சோற்றைப் பல்லிடுக்கிலிருந்து எடுக்கிறார்கள்.

நான் சிரித்தேன். மெல்ல அல்ல, வாய்விட்டு. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். தட்டிக்கு அப்பால் பெண்கள் பக்கத்திலிருந்தும் சிரிப்பு வந்தது. நாற்காலி வகுப்பில் மட்டும் சத்தமில்லை.

அன்றைய தேதி, கிழமை, கொட்டகைக்குள் நுழைந்த மணி, எல்லாம் என் டைரியில் இருக்கிறது. இங்கே தரப்போவதில்லை. தந்தால், அந்த ஆண்டு எங்கள் வாசகசாலைக்கு யார் தலைவர் என்று நாலு பேர் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் இப்போது இல்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். உலகச் சண்டைக் காலம், மண்ணெண்ணெய் கிடைக்காத காலம், சாரல் தொடங்கிய மாதம். இவ்வளவு போதும்.

படத்தின் பெயரையும் எழுதவில்லை. இந்தக் கதையைக் கேட்டதும் எந்தப் படம் என்று தெரிந்துகொள்கிறவர்களுக்குப் பெயர் தேவையில்லை.

சாரலில் ஒரு கொட்டகை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், வயலை ஒட்டிய மேட்டில் அந்த டூரிங் கொட்டகையைப் போட்டிருந்தார்கள். சீசன் கூட்டத்தை நம்பிப் போட்டது. ஆனால் சாரல் விழுந்தால் கூரைத் துணியில் படபடவென்று சத்தம். திரையில் பேசுவது காதில் விழாது. அப்போது தரை டிக்கட்டில் இருப்பவர்களில் ஏற்கெனவே பார்த்த யாராவது வசனத்தை எடுத்துச் சொல்வார்கள். திரையில் அழுகிறவள் ஒருத்தி. அவளுக்காகப் பேசுகிறவர் மேலகரத்து வண்டிக்காரர். யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை.

ஒரே எந்திரம். ஒரு சுருள் முடிந்தால் விளக்கைப் போடுவார்கள். அந்த இடைவெளியில்தான் முறுக்கு, சுக்குக் காப்பி, ஊர் வம்பு எல்லாம். மறுபடி விளக்கு அணையும்போது பாதி முறுக்கு வாயில் இருக்கும். பட்டினிப் படம் பார்த்துக்கொண்டு முறுக்குத் தின்றோம் என்று பின்னால் ஒருவர் குத்திக்காட்டினார். உண்மைதான். நல்ல முறுக்கு.

அந்தப் படத்தைப் பட்டணத்துப் பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருந்தன. தமிழில் இதுபோல வந்ததில்லை என்று ஒன்று எழுதியது. இன்னொன்று, வறுமையைக் கடைச்சரக்காக்கி விற்கிறார்கள் என்று திட்டியது. இரண்டையும் கத்தரித்து வாசகசாலைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியவன் நான். செயலாளன் என்ற முறையில் அது என் வேலை.

ஏகமனதாக

என்னுடைய சம்பள வேலை வேறு. பத்திர ஆபீஸில் நகல் எழுத்தன். ஊரார் எழுதிக்கொள்ளும் கிரயம், அடமானம், பாகப்பிரிவினை எல்லாவற்றையும் ஒரு எழுத்துக் கூடாமல் குறையாமல் பெரிய புத்தகத்தில் நகல் எடுக்க வேண்டும். மூலத்தில் ஒரு சொல் அடிக்கப்பட்டிருந்தால், 'இத்தனையாவது வரியில் அடித்தல் ஒன்று' என்று பக்கத்தின் கீழே குறிக்க வேண்டும். அடித்தது மறையக் கூடாது. அடிபட்டது என்று தெரிய வேண்டும். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டில் பலசரக்குச் சீட்டில் உளுந்தை அடித்துவிட்டுப் பயறு எழுதினால்கூட, கீழே 'அடித்தல் ஒன்று' என்று எழுதுவேன். என் மனைவி கோமதி அந்தச் சீட்டைக் கடைக்காரரிடம் காட்டிச் சிரித்திருக்கிறாள்.

வாசகசாலைக்குப் பதினொரு வருஷம் கௌரவச் செயலாளனாக இருந்தேன். சாவியும் மினிட் புத்தகமும் என்னிடம். அந்தப் புத்தகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தீர்மானமானாலும் கடைசியில் 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதவேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படி எழுதினார், நானும் எழுதினேன். இரண்டாவது தினசரி வாங்குவதா வேண்டாமா என்று ஒருமுறை இரண்டு அங்கத்தினர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்தது. அதுவும் ஏகமனதாகவே நிறைவேறியது.

ஆபீஸில் ஓர் எழுத்துக்கு உயிரைவிடுகிறவன், வாசகசாலையில் பதினொரு வருஷம் இந்தப் பொய்யை எழுதி வந்தேன். இதுவும் பதிவாகட்டும்.

கையில் எண்ணெய்

படம் பார்த்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனேன். அருவிக்குப் போகும் வழியில் கல்பாவிய இடத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு எப்போதும் சுடலைமுத்துதான். வயது என்னைவிட நாலைந்து குறைவு. கை மட்டும் இரும்பு.

சென்ற மாதம் இதே பத்திரிகையில் நான் அருவிக்கரைப் படிகளைப் பற்றி எழுதியபோது எண்ணிக்கையில் இரண்டு குறைகிறது என்று செங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். நேரில் போய் எண்ணிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. இதை இங்கே சொல்லக் காரணம், என்னிடம் தவறு இருந்தால் திருத்திக்கொள்வேன் என்று வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். இனி சொல்லப்போகும் விஷயத்தில் திருத்த ஒன்றுமில்லை.

சுடலைமுத்து என் முதுகில் எண்ணெயை ஊற்றி, இரண்டு அறை அறைந்துவிட்டுச் செய்தி சொன்னான். எங்கள் வாசகசாலைத் தலைவரான வக்கீலும் அவனிடம்தான் தேய்த்துக்கொள்வார்.

"வக்கீலய்யா நேத்து இங்கனதான் கெடந்தாவ. படத்தை நிறுத்தப் போறாவளாம். ஏழைபாழைகளக் கேவலப்படுத்துதான்னு ஒரே கோவம். நான் ஆமாங்கய்யான்னு சொன்னேன். கையில எண்ணெ இருக்கு, வேற என்ன சொல்லச் சொல்லுதிய?"

அவன் படம் பார்த்தானா என்று கேட்டேன். நாலு தரம் என்றான். பெண்சாதி பிள்ளைகளோடு ஒரு தரம், தனியாக மூன்று.

"உனக்குக் கேவலமா இருந்துதா?"

தேய்ப்பதை நிறுத்தினான். "அந்தப் பொம்பள அழுதிருந்தா வக்கீலய்யா காசு போட்டிருப்பாவ அண்ணாச்சி. அவ பல்லக் குத்திட்டு நிக்கா. அதான் கோவம் வந்துட்டு."

பிறகு என் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, கழுத்தில் சொடக்கு எடுத்தான். அதற்குமேல் பேச முடியவில்லை.

தீர்மானம்

அதற்கடுத்த சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவசரக் கூட்டம். அங்கத்தினர் ஏழு பேரும் வந்துவிட்டார்கள். வெளியே சாரல், ஏழு குடைகளும் மூலையில் நின்று தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தன.

தலைவர் ஓய்வுபெற்ற வக்கீல், பாவூர்சத்திரம் பக்கம் நல்ல வயல் உள்ளவர். கெட்டவர் அல்ல. வாசகசாலைக் கட்டடத்துக்கு இடம் கொடுத்தவர் அவர்தான். அவருடைய கவலை சீசன். எங்கெங்கிருந்தோ ஜமீன்தார்களும் பெரிய உத்தியோகஸ்தர்களும் வருகிறார்கள். மாலையானால் பொழுதுபோக அந்தக் கொட்டகைக்குள் நுழைகிறார்கள். உள்ளே நம் ஜனங்கள் வெட்கமில்லாமல் பட்டினியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஊரைப்பற்றி என்ன நினைப்பார்கள்? தீர்மானத்தை அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். இந்தப் படம் ஏழைகளை இழிவுபடுத்துவதாலும், ஊரின் மானத்தைக் குலைப்பதாலும், உடனே நிறுத்தப்பட வேண்டுமென்று தாசில்தார் அவர்களைக் கேட்டுக்கொள்வது.

நெல்லையப்பன் என்ற இளம் வாத்தியார் ஒருவர் எங்கள் கமிட்டியில் இருந்தார். கதர் உடுத்துவார், கோபக்காரர். அவருக்கும் படம் பிடிக்கவில்லை. ஆனால் காரணம் வேறு. பட்டினியை இவ்வளவு அழகாகக் காட்டலாமா என்று கேட்டார். நிலவொளியில் குடிசை, தாலாட்டு, சிரிக்கிற பிள்ளைகள். பார்க்கிறவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வயிறும் மனசும் நிறைந்து வீட்டுக்குப் போகிறான். அந்தக் குடும்பம் ஏன் பட்டினி கிடக்கிறது, அந்த ஊர் நெல் எங்கே போயிற்று என்று படம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றார்.

அவர் பேச்சில் நியாயம் இருந்தது. அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அதற்காக, ரசித்ததை ரசிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

தலைவர் கடைசி வரிக்கு வந்தார். ஏகமனதாக நிறைவேறியது.

பேனாவை வைத்துவிட்டேன். நான் சம்மதிக்கவில்லை, ஒருவர் தவிர என்றுதான் எழுதுவேன் என்றேன்.

முதலில் அவர் அதை விளையாட்டென்று நினைத்தார். ஆறு பேர் ஒப்புக்கொண்ட மனுவுக்கும் ஏகமனதான மனுவுக்கும் உள்ள வித்தியாசம் வக்கீலுக்குத் தெரியும். ஊரே ஒன்றாகச் சொல்கிறது என்றால்தான் அதிகாரி அசைவார். நான் விளையாடவில்லை என்று புரிந்ததும் அவருக்கு முகம் மாறியது.

"என்னவே இது? அந்தப் படத்துல உமக்கு அப்படி என்ன இருக்கு?"

"நல்லா இருந்தது. ரெண்டு தடவ பாத்தேன். நாளைக்கும் போவேன்."

"ஏழைகளக் கேலி பண்ணுதான். உமக்கு நல்லா இருக்கா?"

"கேலியா எனக்குப் படல."

"உமக்கு எப்படிவே படும்? நீரு ராயகிரியில நெலபுலத்தோட இருந்த குடும்பம். பசின்னா என்னன்னு உமக்கு என்ன தெரியும்?"

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ராயகிரியில் நிலபுலம்

ராயகிரியில் எங்களுக்கு நிலம் இருந்ததில்லை. அப்பா நான் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா கூலிக்கு நாற்று நட்டாள், களையெடுத்தாள். மழை பொய்த்த வருஷங்களில் அதுவும் இல்லை. பிறகு ஒரு தூரத்து மாமா என்னைத் தென்காசிக்கு அழைத்துவந்து படிக்கவைத்தார். எனக்குப் பெண் பார்த்தபோது ராயகிரியில் நிலபுலம் உண்டென்று என் மாமனாரிடம் அவர்தான் சொல்லிவைத்தார். சொன்னது நான் இல்லை. மறுக்காமல் இருந்தது நான். அந்தப் பேச்சு அப்படியே ஊருக்குள் பரவி, இருபது வருஷத்தில் நிலத்தின் பரப்பும் கொஞ்சம் கூடியிருந்தது.

அம்மா ஒரு பழைய தகர டப்பாவில் வெற்றிலை வைத்திருப்பாள். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அடுப்பு எரியாத நாளில்தான் அந்த டப்பா திறக்கும். ஒரு துண்டைக் கிள்ளி, சுண்ணாம்பும் பாக்குத்தூளும் வைத்து மென்று, உதட்டைச் சிவக்க வைத்துக்கொண்டு, ஈர்க்குச்சியால் பல்லைக் குத்தியபடி குடத்தோடு கிணற்றுக்குப் போவாள். சாப்பிட்டாச்சா என்று யாரும் கேட்பதற்கு முன் அவள் வாய் பதில் சொல்லிவிடும்.

வெற்றிலை தீர்ந்துபோன நாளில் அவள் கிணற்றுக்குப் போகமாட்டாள். அன்று எங்களுக்குத் தண்ணீரும் இல்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. டைரியில்கூட எழுதியதில்லை. திரையில் ஒருத்தி காய்ந்த வெற்றிலையை எடுத்தபோது, அடுத்து என்ன செய்வாள் என்று அந்தக் கொட்டகையில் எனக்கு முதலில் தெரிந்தது. அதனால்தான் முதலில் சிரித்தேன். என் அம்மா எவ்வளவு கெட்டிக்காரி என்று அதுவரை யாரும் எனக்குக் காட்டவில்லை.

அடித்தல் ஒன்று

"எங்கம்மா பல்லு குத்தினா" என்றேன்.

தலைவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். கிணறு, டப்பா, தண்ணீர் இல்லாத நாள், நிலம் இல்லாதது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பத்திரம் வாசிக்கிறவனைப்போலத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். ஏழு பேரில் இருவர் என் மாமனார் வழிச் சொந்தம். அவர்கள் குடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நெல்லையப்பன்தான் வாய் திறந்தார். "அப்போ உங்களுக்குக் கோவம்லா வந்திருக்கணும் அண்ணாச்சி. எப்படிச் சிரிச்சிய?"

"கோவம் முப்பது வருசமா இருக்கு தம்பி. சிரிப்புதான் புதுசு."

அவர் தலைவரிடம் திரும்பி, படத்தைப் பற்றித் தன் அபிப்பிராயம் மாறவில்லை, தீர்மானத்துக்குத் தன் சம்மதமும் மாறவில்லை, ஆனால் ஏகமனதாக என்று எழுதுவது சரியில்லை என்றார். அவர்மீது எனக்கு அன்றுமுதல் தனி மரியாதை.

நான் பேனாவை எடுத்து 'ஒருவர் தவிர மற்றவர்களின் சம்மதத்துடன் நிறைவேறியது' என்று எழுதினேன். தலைவர் கையை நீட்டினார். புத்தகத்தைக் கொடுத்தேன். அவர் தம்முடைய பேனாவால் அந்த வரியை அடித்து, மேலே 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, என் பக்கம் தள்ளினார்.

"வீட்டு விஷயத்த வீட்டோட வச்சுக்கிடும். நகல் எடுத்துத் திங்கக்கிழமை அனுப்பிரும்" என்றார்.

நான் அவரோடு வாதாடவில்லை. பக்கத்தின் கீழே, ஆபீஸில் எழுதுவதுபோலவே எழுதினேன்: 'மேலே ஒன்பதாவது வரியில் அடித்தல் ஒன்று. அடிக்கப்பட்ட சொற்கள்: ஒருவர் தவிர மற்றவர்களின் சம்மதத்துடன் நிறைவேறியது. அடித்தவர் தலைவர். அந்த ஒருவர் செயலாளர்.' கீழே என் கையெழுத்து.

பிறகு அங்கேயே உட்கார்ந்து மனுவுக்கு நகல் எடுத்தேன். நகல் என்றால் முழு நகல், கீழ்க்குறிப்பும் சேர்ந்ததுதான். தலைவர் அதை வாசித்தார். இரண்டாவது முறையும் வாசித்தார். பல வருஷம் கோர்ட்டில் பத்திரங்களைப் பார்த்தவர். அந்தக் குறிப்பை அடித்தால் அதற்கும் ஒரு குறிப்பு வரும் என்பது அவருக்குத் தெரியும்.

"சாவிய வச்சிட்டுப் போம்" என்றார்.

வைத்தேன். வெளியே வந்து என் குடையை எடுத்தேன்.

மனு போயிற்றா, போய் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதுவதில்லை. கொட்டகை அந்தச் சீசன் முடியும்வரை இருந்தது. படம் இன்னும் இரண்டு வாரம் ஓடியது. இவை தெரிந்தவை.

வெற்றிலைத் தட்டு

வீட்டுக்கு வந்து கோமதியிடம் சொன்னேன். நான் சொல்லாவிட்டால் மறுநாள் காலைக்குள் அவள் அண்ணன் வீட்டிலிருந்து செய்தி வந்துவிடும். இருபது வருஷம் நிலக்காரன் மனைவியாக இருந்தவள் என்ன சொல்வாளோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? கல்யாணம் ஆன நாள்லேருந்து வெத்தலத் தட்ட வச்சா தள்ளிவிடுதிய. ஒரு கல்யாண வீட்டுல போட்டதில்ல. ஏன்னு கேட்டா பதில் கெடையாது. அன்னைக்குக் கொட்டகையில ஒரு சிரிப்பு தனியா கேட்டுது. அது உங்க சிரிப்புன்னு தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் எனக்குத் தெரியாதா? அப்பவே எல்லாம் வெளங்கிட்டு." ஒரு கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "நெலம் நெலம்னு எங்கண்ணன்கிட்ட நான் அடிச்ச பெருமையத்தான் இப்போ எங்க கொண்டு வைக்கன்னு தெரியல" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. படத்துக்குப் போவதாகச் சபையில் சொல்லிவிட்டேன். சொன்னதைச் செய்ய வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே சமைத்துவிட்டாள். சோறு, கீரை மசியல், தயிர். வயிறு நிறையச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்தபோது வெற்றிலைத் தட்டு இருந்தது. நான் தள்ளவில்லை.

சாரலில் இருவரும் நடந்து போனோம். கொட்டகை வாசலில் சுடலைமுத்து நின்றிருந்தான். அவனுக்கு ஐந்தாம் தரம். என் வாயைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, செவப்பா இருக்கு?" என்றான். சொல்கிறேன், வா என்று அவனோடு தரை டிக்கட் எடுத்து மணலில் உட்கார்ந்தேன். அந்த இடம் வந்ததும் சிரித்தேன். இந்த முறை தனியாகக் கேட்கவில்லை.

அன்றைய டைரியில் ஐந்து வரிகள். படத்தைப் பற்றி முதல் இரண்டு. கடைசி மூன்று மட்டும் இங்கே தருகிறேன்:

'மாலை உணவுக்குப் பின் வெற்றிலை போட்டேன். உதடு சிவந்தது. சாப்பிட்டிருந்தேன்.'

அந்தப் பக்கத்தில் அடித்தல் இல்லை.